47 வயதில் ஏறிய மேடை

திருவண்ணாமலையில் தீபத் திருவிழா. மேளச் சத்தத்தில் ஒரு சிறுவன் இரு காதுகளையும் இறுகப் பொத்திக்கொண்டு அப்பாவின் தோளில் முகம் புதைக்கிறான். ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்குப் பேரிரைச்சல் தாங்காது.

அப்படியொரு இரைச்சல் மிகுந்த மேடையைத்தான் வாழ்நாளெல்லாம் கனவு கண்டார் ஸ்காட்லாந்துப் பாடகி சூசன் பாய்ல். பள்ளியில் பிள்ளைகள் கேலி செய்தார்கள். பாட்டை மட்டும் அவர் விடவில்லை. 2007இல் அம்மா இறந்ததும் துவண்டுபோனார். பாட்டு ஆசிரியர் ஃபிரெட் ஓ'நீல்தான் போட்டிக்குப் போகச் சொல்லித் தூண்டினார்.

2009இல், 47 வயதில், 'பிரிட்டன்ஸ் காட் டேலண்ட்' என்ற தொலைக்காட்சித் திறமைப் போட்டியின் மேடை ஏறினார். வாய் திறக்கும்வரை சிரித்த அரங்கம், பாடியதும் எழுந்து நின்றது! போட்டியில் கிடைத்தது இரண்டாம் இடம்தான். ஆனால் அதே ஆண்டு வந்த முதல் ஆல்பம் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம். தனக்கு ஆஸ்பெர்கர் என்ற ஆட்டிச வகை இருப்பதே 2012இல்தான் அவருக்குத் தெரிந்தது.

கிரிவலப் பாதையில் காதைப் பொத்திய பிள்ளையைக் கண்டால் முறைக்காதீர்கள், கொஞ்சம் வழிவிடுங்கள்.