கறிவேப்பிலைக்குப் பின்னால் ஒரு பெயர்

(எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில், ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கத்துத் தம்பிமார் எனக்குப் பதினைந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். "மாஸ்டர், ஏதாவது பிரயோசனமாச் சொல்லுங்கோ, ஆனா நீட்டிப்போடாதேங்கோ, சாப்பாடு ஆறிப்போம்" என்று எச்சரிக்கையும் தந்திருக்கிறார்கள். ஆகவே சாப்பாட்டைப் பற்றியே பேசுகிறேன். அதிலும் நாங்கள் சாப்பிடாமல் கோப்பையின் ஓரத்தில் ஒதுக்கி வைக்கும் ஒரு பொருளைப் பற்றி. கறிவேப்பிலை.

நான் ஊரில் தாவரவியல் படிப்பித்தவன். 1986 ஆம் ஆண்டு டென்மார்க்குக்கு வந்தபின் இருபது வருடத்துக்கு மேல் ஒரு தொழிற்சாலையில் நிலம் கழுவியவன். இரண்டு வேலையையும் ஒழுங்காகத்தான் செய்தேன் என்று நினைத்திருந்தேன். போன வருடம் என்ரை பேத்தி வந்து, முதல் வேலையில் ஒரு பெரிய ஓட்டை இருந்ததைக் காட்டினாள்.

அவளுடைய வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் உள்ள ஒரு செடியின் கொப்பைக் கொண்டு வந்து, அதன் விஞ்ஞானப் பெயரையும் எழுதவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் எங்கள் யன்னலடிக் கறிவேப்பிலையில் ஒரு கொப்பு முறித்துக்கொண்டு போனாள். பின்னேரம் வந்து கேட்டாள்: "அப்பப்பா, கறிவேப்பிலை எங்கடதானே? பிறகு ஏன் அதுக்கு ஒரு வெள்ளைக்காரன்ரை பேர் வைச்சிருக்கு?"

எனக்கு மறுமொழி வரவில்லை. முர்ராயா கோனிகீ என்று எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதியிருப்பேன்! பிள்ளைகள் பாடமாக்கினார்கள், சோதனையில் எழுதினார்கள், சித்தியடைந்தார்கள். யார் இந்தக் கோனிக் என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டதில்லை. அதற்குப் பிறகுதான் வாசிக்கத் தொடங்கினேன். வாசித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் பெயர் வைக்கும் முறை. சுவீடன் நாட்டவரான லின்னேயஸ் 1753 இல் வெளியிட்ட தாவர நூலில் இருந்துதான், செடிகளுக்கு இரண்டு சொல்லில் பெயர் வைக்கும் முறை நிலைத்தது. முதற்சொல் சாதிப்பெயர், இரண்டாவது இனப்பெயர். பயப்பிடாதேங்கோ, இது தாவரவியல் சாதி. இதில் கலியாணம் பேசுகிற பிரச்சினை இல்லை. பெயரை வைத்தவரின் பெயரையும் சுருக்கி, அதன் பின்னால் எழுதுவார்கள். ஒருவர் தன்னுடைய பெயரைத் தானே ஒரு செடிக்கு வைப்பது வழக்கமில்லை. மற்றவர்தான் மரியாதைக்காக வைக்கவேண்டும்.

இனிக் கோனிக்கிடம் வருகிறேன். யோகான் கெர்ஹார்ட் கோனிக் 1728 இல் இன்றைய லற்வியா நாட்டுப் பகுதியில் பிறந்தவர். லின்னேயசிடம் நேரடியாகப் படித்தவர். பிறகு எங்கே வந்தார் தெரியுமோ? நாங்கள் இருக்கிற இந்த டென்மார்க்குக்குத்தான். இந்த நாட்டு அரசு அந்தக் காலத்தில் 'புளோரா டனிக்கா' என்ற பெரிய தாவரப் படநூலை 1761 இல் தொடங்கி வெளியிட்டுக்கொண்டிருந்தது. அதே பெயரில் பூப்படம் போட்ட விலைகூடிய பீங்கான்களை இங்கே கடைக் கண்ணாடிக்குள் பார்த்திருப்பீர்கள். பார்த்துவிட்டு விலையைக் கண்டு நடையைக் கட்டியிருப்பீர்கள். அந்த நூலுக்காகச் செடி சேர்க்க, 1764-65 காலத்தில் கோனிக்கை ஐஸ்லாந்துக்கு அனுப்பினார்கள்.

அங்கே ஒரு மிகச் சிறிய பூண்டைக் கண்டெடுத்தார். உயரம் சில சென்ரிமீற்றர்தான். குளிர்நாட்டுச் செடிகளில் பெரும்பாலானவை பல வருடம் இருந்து மெல்ல மெல்ல வளர்பவை. இது அப்படியல்ல. அந்தக் குறுகிய கோடைக்குள்ளேயே முளைத்து, பூத்து, விதைத்து முடிந்துவிடும். லின்னேயஸ் 1767 இல் அதற்குத் தன் மாணவனின் பெயரையே சாதிப்பெயராக்கி, கோனிகியா ஐஸ்லாண்டிக்கா என்று பெயரிட்டார். நோர்வே மலைகளிலும் கிறீன்லாந்திலும் அது இருக்கிறது.

அதே 1767 இல் கோனிக் தமிழ்நாட்டுக் கரையில் உள்ள தரங்கம்பாடிக்கு வைத்தியராக அனுப்பப்பட்டார். தரங்கம்பாடி 1620 தொடக்கம் 1845 இல் ஆங்கிலேயருக்கு விற்கும்வரை டெனிஷ்காரரின் கையில் இருந்த ஊர். அவர்கள் கட்டிய கோட்டை இன்றும் கடற்கரையில் நிற்கிறது. நாங்கள் இங்கே வருவதற்கு 350 வருடத்துக்கு மேல் முந்தியே இவர்கள் எங்கடை ஆக்களிட்டைப் போயிருக்கினம். அவர்களிடம் ஒருவரும் விசா கேட்கவில்லை.

தரங்கம்பாடியில் அவர் கண்ட ஒரு மரத்தின் மாதிரியும் குறிப்பும் லின்னேயசிடம் போய்ச் சேர்ந்தன. சாதிப்பெயரைக் கோனிக்கே வைத்திருந்தார்: பெர்கெரா. அது பெர்கர் என்ற மருத்துவப் பேராசிரியரின் நினைவாக. லின்னேயஸ் 1771 இல் அதை வெளியிட்டபோது, இனப்பெயராகக் கோனிக்கின் பெயரைச் சேர்த்தார். பெர்கெரா கோனிகீ. அதுதான் எங்கள் கறிவேப்பிலை. அதே நூலில் கோனிக் வைத்த இன்னொரு சாதிப்பெயரும் வந்தது. அது முர்ராயா; முர்ரே என்ற இன்னொரு பேராசிரியரின் நினைவாக. 1825 இல் ஸ்பிரெங்கல் என்ற ஜேர்மானியர் கறிவேப்பிலையையும் முர்ராயாவோடு சேர்த்துவிட்டார். நான் படிப்பித்தது அந்தப் பெயரை. அண்மைய மரபணு ஆய்வுகளுக்குப் பின் கியூ தாவரப் பூங்காவின் பட்டியலில் பழைய பெர்கெராவே திரும்பி வந்திருக்கிறது. ஆகவே நான் பாடமாக்கி எழுதவைத்ததும் இப்போது பழசு. என்ரை பழைய மாணவர்கள் யாரும் இங்கே இருந்தால் மன்னிக்கவேண்டும்.

பாருங்கள், ஒரே மனிதரின் பெயர் இரண்டு செடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்று பனிநாட்டில் ஒரு கோடைக்குள் முடியும் பூண்டு. மற்றது எங்கள் கிணற்றடி மரம். கோனிக் பிறகு ஆற்காடு நவாபிடமும், 1778 இலிருந்து ஆங்கிலக் கம்பனியிடமும் வேலை செய்தார். சீயம், மலாக்கா போனார். இலங்கைக்கும் வந்து செடி சேர்த்தார். 1785 இல் தனது 56 ஆவது வயதில், ஆந்திரக் கரையில் காக்கிநாடாவுக்கு அருகே வயிற்றோட்டம் கண்டு இறந்தார். பிறந்த நாட்டுக்குத் திரும்பவே இல்லை.

இதை வாசிக்கும்போது எனக்கு அவர்மேல் ஒரு பரிவு வந்தது உண்மை. ஆனால் நானும் அவரும் ஒன்றல்ல. அவர் சம்பளத்தோடும் கொடியோடும் போனவர். நாங்கள் ஒரு தோள்பையோடு வந்தவர்கள். அவர் போன இடத்தில் மற்றவைக்குப் பெயர் வைத்தார். நாங்கள் வந்த இடத்தில் எங்கள் பெயரையே விட்டுக்கொடுத்தோம். வந்த புதிதில் ஒரு அலுவலகத்தில் என் தகப்பனாரின் பெயரை எனக்குக் குடும்பப் பெயராக்கினார்கள். என் மனைவியையும் மாமனாரின் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அந்த மனிசி முதல்நாள் திரும்பிப் பார்க்கவே இல்லை, தன்னை இல்லை எண்டு நினைச்சு.

எனக்கு இன்னொரு கேள்வியும் வந்தது. அந்த மரத்தைக் கோனிக்குக்கு யார் காட்டியிருப்பார்கள்? தரங்கம்பாடியில் ஒரு சமையற்காரரோ, ஒரு வைத்தியரோ, இலை பறித்துக் கொடுத்த ஒரு பெண்பிள்ளையோ "இது கறிவேப்பிலை, ஐயா" என்று யாராவது சொல்லித்தானே இருப்பார்கள்? நான் வாசித்தவற்றில் அந்த ஆளின் பெயர் எங்கும் இல்லை. பேராசிரியர் பெர்கரின் பெயர் இருக்கிறது, முர்ரேயின் பெயர் இருக்கிறது. கறிவேப்பிலையைக் காட்டியவரைக் கறிவேப்பிலை மாதிரியே ஒதுக்கிப் போட்டார்கள்.

இதை நினைத்து எனக்குக் கோபம் வந்தது. இரண்டு மூன்று நாள் அந்தக் கோபத்தோடு திரிந்தேன். அப்போதுதான் என்ரை அம்மாவின் ஞாபகம் வந்தது. கோபம் என் பக்கம் திரும்பிவிட்டது.

அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவ. எங்கள் வேலியில் கிளுவை, பூவரசு, முள்முருக்கு, ஆடாதோடை நின்றன. அதில் முசுட்டையும் மொசுமொசுக்கையும் தூதுவளையும் படர்ந்திருக்கும். எந்த இலையை எந்த நோவுக்கு, எந்த மாதத்தில் பறிக்கவேண்டும் என்று அவவுக்குத் தெரியும். சின்ன வயதில் எனக்குக் காலில் வெட்டுப்பட்டால், வேலியோரத்துக் கொடி ஒன்றின் இலையைக் கசக்கிச் சாறு விடுவா. அந்த இலையின் வடிவம் இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. மணமும் ஞாபகம். பெயர் ஞாபகம் இல்லை. தாவரவியல் மாஸ்டருக்குப் பெயர் தெரியாது! பாடசாலையில் லத்தீன் பெயரை எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் "இது என்ன கொடி?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. அதை ஒரு அறிவாகவே நான் எண்ணவில்லை. கோனிக்காவது கேட்டிருப்பார்.

போர்நிறுத்த காலத்தில், 2003 இல், பதினேழு வருடத்துக்குப் பிறகு ஊருக்குப் போனேன். வீடு பாதி இடிந்து கிடந்தது. வேலி இல்லை. கிணற்றடிக் கறிவேப்பிலை மட்டும், அடியோடு தறிபட்டும், பக்கவேரில் இருந்து திரும்ப வளர்ந்து நின்றது. வெளிக்கிடுகிற அன்று அம்மா கறுத்துப் பழுத்த பழங்களைப் பறித்து, ஈரச்சீலையில் சுற்றித் தந்தா. "கொண்டுபோய் உடனை போடு, காயவிட்டா முளைக்காது" என்றா. பதினொரு விதை போட்டேன். நாலு முளைத்தது. முதல் மாரியில் மூன்று செத்தது. மிஞ்சிய ஒன்றுதான் எங்கள் யன்னலடியில் நிற்பது. அம்மா 2008 இல் காலமானா. அந்தக் கொடியின் பெயரைக் கேட்க இனி ஆள் இல்லை.

அன்பர்களே, இன்று காலையில் பலர் வீட்டில் மருத்துநீர் வைத்துத்தான் வந்திருப்பீர்கள். பஞ்சாங்கத்தில் அதற்குரியவற்றை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள்: தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, விஷ்ணுகிராந்தி, சீதேவியார் செங்கழுநீர், வில்வம், அறுகு. இதில் விஷ்ணுகிராந்தியை நேரில் கண்டால் அடையாளம் சொல்லக்கூடியவர்கள் இந்த மண்டபத்தில் கையை உயர்த்துங்கோ பார்ப்பம்.

(சபையில் நாலு கைகள் உயர்ந்தன. நாலும் எழுபது வயதைத் தாண்டியவர்களின் கைகள்.)

இதுதான் நான் சொல்ல வந்தது. கறிவேப்பிலைக்குப் புத்தகத்தில் இரண்டு மூன்று தரம் பெயர் மாறிவிட்டது. அடுப்படியில் ஒருநாளும் மாறவில்லை, ஏனென்றால் நாங்கள் அதைத் தினமும் சொல்கிறோம். சொல்லாத பெயர்தான் சாகும். அதைக் கோனிக் கொல்லவில்லை. கேட்காமல் விட்ட நான்தான் கொன்றேன்.

ஆகவே ஒரு வேண்டுகோள். தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் இந்த வருடம் ஒரு பெரியவரிடம் போய், அவர் ஊரில் அறிந்த செடிகளின் பெயரைக் கேட்டு எழுதவேண்டும். தாவரவியலாளர் எழுதுவது போலவே எழுதுங்கோ: பெயர், எந்த ஊர், எப்படி இருக்கும், எதற்குப் பாவித்தார்கள். அதன் கீழே கட்டாயமாக இன்னொரு வரி: சொன்னவர் யார். அந்த வரியை விடவேண்டாம். தரங்கம்பாடியில் தவறிப்போனது அந்த வரிதான்.

சபையின் பின்பக்கத்தில் ஆறு சட்டி வைத்திருக்கிறேன். எங்கள் மரத்தின் பக்கவேரில் இருந்து பிரித்த கன்றுகள். மாரியில் வெயில் படும் யன்னலடியில் வையுங்கோ, தண்ணீரைக் குறையுங்கோ, இலை கொட்டினால் செத்துவிட்டது என்று எறிந்துவிடாதேங்கோ, வசந்தத்தில் துளிர்க்கும். ஊரில் இருந்து கன்று கொண்டுவர முயலவேண்டாம். இது எலுமிச்சைக் குடும்பம். தோடை, எலுமிச்சைகளை அழிக்கும் நோயைக் காவும் பூச்சி இதிலும் வாழும் என்பதால் கட்டுப்பாடு உண்டு. விதை என்றாலும் இன்றைய சட்டத்தைக் கேட்டுவிட்டே செய்யுங்கோ.

கன்றுக்குக் காசு வேண்டாம். எழுதி நிரப்பிய ஒரு தாள் தந்தால் போதும். ஒவ்வொரு சட்டியிலும் பேத்தி ஒரு மட்டை குத்தியிருக்கிறாள். தமிழ்ப் பெயர், டெனிஷ் பெயர், லத்தீன் பெயர் மூன்றும் இருக்கிறது. கடைசி வரியில், "தந்தவர்" என்று போட்டு, என்ரை அம்மாவின் பெயரை எழுதியிருக்கிறாள். அதை எழுதச்சொல்லி நான் சொல்லவில்லை.

சாப்பாடு ஆறமுதல் முடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.