பனிமலையின் எச்சரிக்கை

வெண்பனி போர்த்த மலை, தொலைவில் நின்று நோக்குவோர்க்கு அமைதியின் உருவாகவே தோன்றும். அதன் அடிவாரத்தில் வாழ்வோர் அறிந்த முகமோ வேறு. 1950-51ஆம் ஆண்டுக் குளிர்காலத்திலே, சுவிற்சர்லாந்தில் மாத்திரம் 98 பேர் பனிச்சரிவுகளால் மாண்டனர்.

அந்நாட்டின் தாவோஸ் நகருக்கு மேலேயுள்ள மலையில், 1936ஆம் ஆண்டிலேயே அறிஞர் சிலர் குடிசையமைத்துப் பனியை ஆராயத் தொடங்கியிருந்தனர். அவ்வழி வந்த ஆராய்ச்சி நிலையம் 1945ஆம் ஆண்டு முதல் பனிச்சரிவு அறிவித்தலை வெளியிட்டு வருகின்றது.

நேயர்களே, பனிச்சரிவு எவ்வாறு உண்டாகின்றது? மலைமீது பனி படை படையாகப் படிகின்றது. படைகள் யாவும் ஒரே தன்மையின அல்ல. மெல்லிய பனிப்படையின் அடிப்புறம் நிலத்தின் வெப்பத்தாலும், மேற்புறம் தெளிந்த இரவின் கடுங்குளிராலும் தாக்கப்படும்போது, உள்ளிருக்கும் மணிகள் சீனிபோல் உதிர்ந்து ஒன்றையொன்று பற்றாதொழிகின்றன. அதன்மேல் காற்று இறுக்கிய புதுப்பனி பாளமாக அமர்கின்றது. சறுக்கிச் செல்லும் ஒருவரின் பாரமே அப்பலவீனப் படையை முறித்துவிடப் போதும். விபத்துகளிற் பத்துக்கு ஒன்பதில், சரிவைத் தூண்டியவர் அகப்பட்டவரோ அவர்தம் தோழரோ ஆவர்.

ஆகவே, புறப்படுமுன் ஆராய வேண்டியவை சில உள. சாய்வு 30 பாகைக்கு மேற்பட்டதா? அண்மையில் பனி பெய்ததா? காற்று எப்பக்கமிருந்து வீசியது? காற்றுக்கு மறைவான சரிவிலேதான் பனி குவியும். வெப்பம் திடீரென ஏறியதா? காலடியிலிருந்து வெடிப்பு ஓடினாலும், பனிக்குள்ளே ‘உம்’ என்ற ஓசை எழுந்தாலும், அது மலை நேரே தரும் எச்சரிக்கையாகும்.

அபாயத்தை ஐந்து படிகளாக வகுத்துள்ளனர். மூன்றாம் படியை நடுத்தரம் என்றெண்ணி வாளாவிருத்தல் தவறு. சுவிற்சர்லாந்தில் உயிரிழப்போருள் ஏறக்குறைய அரைப்பங்கினர் அத்தகைய நாட்களிலேயே இறக்கின்றனர். புயல் ஓய்ந்து, வானம் நீலமாய் விரியும் முதல் நாள் பலரையும் மலைக்கு அழைக்கின்றது. பனியோ இன்னும் இறுகியிராது.

புதையுண்டவரைப் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் மீட்டெடுத்தல் வேண்டும். ஊரிலிருந்து உதவி வரும்வரை அக்காலம் காத்திராது. உடன் சென்றோரே தோண்ட வேண்டும். ஆதலால் ஒவ்வொருவரும் சமிக்ஞைக் கருவி, துழாவுகோல், மண்வாரி ஆகிய மூன்றையும் சுமந்து செல்லல் முறை.

எனினும், திரும்பிவரத் தெரிதலே முதற் காப்பு. சிகரம் கண்முன் தெரியும்போது ஆசை அறிவை மறைக்கும். எந்நிலை கண்டால் திரும்புவது என்பதை விடுதியிலேயே, புறப்படுமுன், அனைவருங் கூடி முடிவு செய்தல் நன்று.