மாவில் வாழும் இரு வண்டுகள்

வடபுலத்தில் வாழும் நாம் கோதுமை மாவைச் சலிக்கும்போது செம்பழுப்பு நிறச் சிறு வண்டுகளைக் காண்கிறோம். எல்லாம் ஒன்றே எனக் கருதிவிடுகிறோம். ஆயின் அவற்றுள் இரு இனங்கள் உண்டு. ஒன்று டிரைபோலியம் கஸ்டேனியம். அதனோடு வைத்துக் குழப்பப்பட்டதாலேயே மற்றதற்குக் ‘கன்ஃபியூசம்’ என்று பெயர்.

உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்குவோம். முன்னதன் உணர்கொம்பில் கடைசி மூன்று கணுக்கள் திடீரெனப் பருத்திருக்கும். பின்னதன் கொம்போ படிப்படியாகப் பருக்கும். மல்லாத்திப் பார்த்தால், முன்னதன் கண்களுக்கிடையே ஏறக்குறைய ஒரு கண்ணளவு இடைவெளி. பின்னதற்கு மூன்று கண்ணளவு.

இதனை அறிவதால் பயன் யாது? முன்னது வெப்பக் காலத்தில் பறந்து அடுத்த கலத்தையும் சேரும். பின்னது பொதுவாகப் பறப்பதில்லை. ஆகவே கொம்பு நுனி பருத்த வண்டைக் கண்டால், ஒரு டப்பாவைத் துடைப்பதோடு நில்லாமல் அனைத்தையும் சோதிப்போம்.