கார் பிரேக் பிடிக்கும், பொறுப்பு யாருக்கு?

(நமது வானொலியில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



நான் பல வருடங்களாகக் கராஜில் வேலை செய்து வருபவன். முன்பெல்லாம் கார் வாங்க நினைக்கும் நம்மவர்கள், "அண்ணை, இது எவ்வளவு பெற்றோல் குடிக்கும்?" என்றுதான் கேட்பார்கள். இப்போது கேள்வி மாறிவிட்டது. "இது தானாகப் பிரேக் பிடிக்குமாம், தானாகக் கோட்டுக்குள்ளே நிற்குமாம். நம்பலாமோ?" என்று கேட்கிறார்கள். அதற்கான பதிலைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு விடயம். இவை இனி பணக்காரர்களின் கார்களுக்கு மட்டும் உரியவை அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டப்படி, 2024 யூலை 7 முதல் புதிதாகப் பதிவாகும் எல்லாக் கார்களிலும் அவசர பிரேக், கோட்டை விட்டு விலகினால் திருப்பிவிடும் வசதி, வேக எல்லையைச் சொல்லும் வசதி, சாரதி தூங்கி விழுந்தால் எச்சரிக்கும் வசதி, பின்னுக்கு எடுக்கும்போது ஆள் நிற்பதைக் காட்டும் வசதி ஆகியவை கட்டாயம். விபத்து நடந்த நேரத்துச் சில வினாடிகளின் வேகத்தையும் பிரேக்கையும் பதிந்து வைக்கும் பெட்டியும் கட்டாயம். அது குரலைப் பதிவதில்லை, இடத்தையும் பதிவதில்லை. இன்னும் சில வருடங்களில் நீங்கள் வாங்கப்போகும் பழைய காரிலும் இவையெல்லாம் இருக்கும்.

இவற்றை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்த்தால் விளங்கிக்கொள்வது சுலபம். எப்போதாவது ஒருநாள், ஆபத்து வந்தால் மட்டும் வேலை செய்பவை ஒரு வகை. நாம் ஓடும் நேரம் முழுவதும் எங்கள் வேலையைத் தாங்கள் எடுத்துச் செய்பவை மற்ற வகை.

முதல் வகைக்கு அவசர பிரேக் நல்ல உதாரணம். முன்னால் போகும் வாகனத்தில் போய் மோதும் விபத்துகளை இது ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது என்று அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதி நிறுவகம் கணக்கிட்டிருக்கிறது. ஆகவே இதை நிறுத்தி வைக்காதீர்கள்.

ஆனால் அதன் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். சனிக்கிழமை பின்னேரம் எங்கள் ரூ லூயி-பிளாங் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சாமான் இறக்கும் வான்கள் இரண்டாம் வரிசையில் நிற்கும். அவற்றுக்கு நடுவால் மரக்கறிப் பையோடு அம்மாமார் கடப்பார்கள். கையை உதறிவிட்டுப் பிள்ளை ஓடும். 2019இல் அமெரிக்க மோட்டார் சங்கமான ஏஏஏ நான்கு கார்களை வைத்துச் சரியாக இப்படியொரு பரிசோதனை செய்தது. நிறுத்தியிருந்த இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து பிள்ளை அளவிலான பொம்மை ஒன்று குறுக்கே வந்தது. கார்களின் வேகம் மணிக்கு 32 கிலோமீற்றர்தான். 100க்கு 89 தடவை மோதல் நடந்தது. இரவில் இந்த வசதி பயன் தரவில்லை என்றும் அவர்கள் கண்டார்கள். அதன்பின் வந்த கார்கள் முன்னேறியிருக்கின்றன, உண்மைதான். ஆனால் வானுக்குப் பின்னால் நிற்கும் பிள்ளையை எந்தக் கமராவும் ஊடுருவிப் பார்க்காது. 30இல் போகும் கார் ஒரு வினாடியில் 8 மீற்றருக்கு மேல் ஓடிவிடும்.

விடியற்காலை துப்புரவு வேலைக்கும் பத்திரிகை போடவும் போகும் நம்மவர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. மேலே சொன்ன காப்புறுதி நிறுவகம் 2025 தொடக்கத்தில் வெளியிட்ட பரிசோதனையில், ஒளியைத் திருப்பி அடிக்கும் பட்டி போட்ட உடுப்பை அணிவித்த பொம்மையைச் சில கார்கள் கண்டுகொள்ளவே இல்லை. மனிதக் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவது கமராவைக் குழப்பியிருக்கிறது. அதற்காக மஞ்சள் ஜிலேயைக் கழற்றி விடாதீர்கள். சாரதியின் கண்ணுக்கு அது அவசியம். "கார் தானாக நிற்கும்" என்று நினைத்து வீதியில் இறங்காதீர்கள், அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறான குறையும் உண்டு. எதிரில் ஒன்றுமில்லாமலே கார் திடீரென்று பிரேக் பிடிப்பது. இங்கே இதைப் 'பேய் பிரேக்' என்கிறார்கள். 2025இல் பிரான்சின் போக்குவரத்து அமைச்சே இது பற்றி விசாரணையைத் தொடங்கியது. உங்களுக்கு இப்படி நடந்தால் திகதி, நேரம், இடம் எல்லாவற்றையும் எழுதி வைத்து, கார் விற்றவரிடம் எழுத்தில் முறையிடுங்கள். வாயால் சொன்னது நிற்காது. பின்னால் போகிறவர்கள் குறைந்தது இரண்டு வினாடி இடைவெளி விடுவது இங்கே சட்டமும்கூட.

இனி இரண்டாம் வகைக்கு வருவோம். முன்காரின் வேகத்துக்கு ஏற்பத் தானாக ஓடுவதும், கோட்டுக்கு நடுவே தானாக ஸ்ரேரிங்கைத் திருப்புவதும் இதில் அடங்கும். விற்பவர்கள் அதிகம் புகழ்வது இதைத்தான். ஆனால் அதே நிறுவகம் 2024இல் ஆராய்ந்தபோது, இவற்றால் விபத்து குறைந்ததற்குத் தக்க சான்று கிடைக்கவில்லை. காரணம் எளியது. வேலை இல்லாத மனம் அலையும்.

2016 மே மாதம் புளோரிடாவில் ஒருவர் இந்த வசதியைப் போட்டபடி ரெஸ்லா காரில் போனார். வெளிச்சமான வானத்தின் பின்னணியில், குறுக்கே திரும்பிய லொறியின் வெள்ளைப் பெட்டியைக் கார் தடையாகக் கொள்ளவில்லை. அவர் உயிரிழந்தார். 2018 மார்ச்சில் அரிசோனாவில் ஊபர் நிறுவனத்தின் பரிசோதனைக் கார், சைக்கிளை உருட்டிக்கொண்டு வீதியைக் கடந்த ஒரு பெண்மணியை மோதிக் கொன்றது. கார் அவரை 5.6 வினாடிக்கு முன்பே கண்டிருக்கிறது. ஆனால் அவர் யார், எந்தப் பக்கம் போகிறார் என்று தீர்மானிக்க முடியாமல் தடுமாறியிருக்கிறது. ஆசனத்தில் இருந்த கண்காணிப்பாளரோ வீதியைப் பார்க்கவில்லை. நிறுவனத்தின் மீது குற்றவழக்கு வரவில்லை. வழக்கு வந்தது அந்தக் கண்காணிப்பாளர் மேல்தான். 2023இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

பிரான்சிலும் இதைக் கவனிக்க வேண்டும். 2022 செப்டெம்பர் 1 முதல், ஓட்டும் பொறுப்பையே சட்டப்படி ஏற்கும் தானியங்கி முறை இயங்கும் நேரத்தில் குற்றப் பொறுப்பு தயாரிப்பாளருக்குப் போகலாம் என்று சட்டம் வந்திருக்கிறது. ஆனால் எங்கள் கார்களில் இருக்கும் வழக்கமான உதவிகள் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. இவற்றில் சாரதி நீங்கள்தான். மோதுண்ட பாதசாரிக்குக் காப்புறுதி நட்டஈடு கொடுக்கும். ஆனால் நீதிமன்றத்தில் நிற்பதும், பெர்மியை இழப்பதும் நீங்கள்தான். ராக்சி, விநியோகம் என்று ஓடிப் பிழைக்கும் குடும்பத்துக்குப் பெர்மி போனால் வேலை போனது மாதிரி. வேலையை அடிப்படையாகக் கொண்ட வதிவிட அட்டையில் இருப்பவர்களுக்கு அதன் பாதிப்பு எதுவரை போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே லண்டனுக்கும் ஜேர்மனிக்கும் கலியாண வீட்டுக்குப் போய், மண்டபத்தில் இரவு முழுக்க நின்றுவிட்டு, விடியமுன் ஓட்டோறூட்டில் ஏறும் தம்பிமாரே, கோட்டுக்குள்ளே கார் நிற்கும் என்று எண்ணிக் கண்ணயராதீர்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். நித்திரை வந்தால் 20 நிமிடம் படுங்கள். அதிவேகத்தில் போகும்போது, வீதியில் அசையாமல் நிற்கும் வாகனத்தை இந்த முறைகள் தவறவிடலாம். பாலத்தையும் பெயர்ப்பலகையையும் கண்டு வீணாக நிற்காமல் இருப்பதற்காக, அசையாதவற்றைக் கணக்கில் எடுக்காமல் விடும் ராடார்கள் பல உண்டு.

வேக எல்லையிலும் காரின் சொல்லை அப்படியே ஏற்காதீர்கள். பெரிபெரிக்கில் எல்லை 2024 ஒக்ரோபரில் 70இலிருந்து 50 ஆனது. காரின் வரைபடம் பழசாக இருந்தால் அது இன்னமும் 70 என்று காட்டக்கூடும். தண்டம் கார் கொம்பனிக்குப் போகாது, உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

கடைசியாகக் கராஜ்காரனாகச் சில வார்த்தை. இந்தக் கமரா பெரும்பாலும் முன்கண்ணாடியின் மேற்பக்கத்தில், நடுக்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். ராடார் முன் பம்பரில் அல்லது கொம்பனிச் சின்னத்துக்குப் பின்னால் இருக்கும். புதுக்காருக்குப் பூசை போடுவது எங்கள் வழக்கம், போடுங்கள். ஆனால் சந்தனப் பொட்டைக் கமராவுக்கு முன்னால் வைக்காதீர்கள். மாலையை ராடாருக்கு மேல் கட்டியபடி ஓடாதீர்கள். முன்கண்ணாடி மாற்றினால் கமராவை மறுபடி அளந்து சரிசெய்ய வேண்டும். அதைச் செய்ததாகப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பழைய கார் வாங்கும்போது, "முன்கண்ணாடி மாற்றியதா, பம்பர் அடிபட்டதா?" என்று கேளுங்கள். காரின் கையேடு பிரெஞ்சில்தான் இருக்கும். பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் இருத்தி, எந்த விளக்கு எதைக் குறிக்கிறது என்று வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். நாளைக்கு அவர்கள் ஓடும்போது அவர்களுக்கும் அது உதவும்.

நம்பலாமோ என்று கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான். அவசரத்துக்கு வரும் உதவியை நிறுத்தாதீர்கள். எந்நேரமும் கூட வரும் உதவியிடம் காரை ஒப்படைக்காதீர்கள்.