கூத்தில் மாயம் எவ்வளவு?

(இளைஞர் மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



அண்மையில் நம் மன்றத்து இளைஞர் சிலரிடையே ஒரு வாதம் மூண்டது. அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்றோர் ஆட்டம் வெளிவந்தது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் வீரனாகவும் இன்னொருவர் மந்திரவாதியாகவும் பாத்திரமேற்று, பகடை உருட்டிக் கதையை நடத்திச் செல்வார்கள். அந்த வழியில் வந்த ஆட்டங்கள் இன்று கைத்தொலைபேசியிலும் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கற்பனை உலகம். ஓர் உலகில் தெருவுக்குத் தெரு மந்திரவாதி. மற்றோர் உலகில் மாயமென்பது கிழவர் சொல்லும் பழங்கதை. மாயம் மிகுந்த உலகம் சிறந்ததா, குறைந்த உலகம் சிறந்ததா என்பதே வாதம்.

இது வீண் வாதமென்று பெரியவர்கள் சிலர் முகஞ்சுளித்தார்கள். நமக்கு அவ்விதம் தோன்றவில்லை. ஏனெனில், இதே கேள்வி நம் முன்னும் நிற்கிறது. விடிந்தால் வேலை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். ஆகவே விடிய விடிய ஆடும் கூத்தை நள்ளிரவுக்குள் முடிக்க வேண்டுமென்கிறார்கள். அப்படியானால் எதை வெட்டுவது, எதை வைப்பது? புகையும் மின்விளக்கும் கூட்டி அற்புதக் காட்சிகளை வைத்துக்கொண்டு, நீண்ட பாட்டுகளை விட்டுவிடலாமென்று ஒரு சாரார் சொல்கிறார்கள். இதற்கு விடை காணுமுன், நம் கூத்துகளில் மாயம் எவ்வளவு என்று அளந்து பார்ப்போம். இறையருளை மாயமென்னலாமா என்று எவரும் வருந்த வேண்டாம். மனித ஆற்றலைக் கடந்த அற்புதம் என்ற பொருளிலேயே இங்கு சொல்கிறோம்.

பதுளை, பசறை, ஹாலிஎல, பண்டாரவளை, அப்புத்தளை என்று இந்த ஊவா மலைகளில் மட்டுமன்றி, மலையகமெங்கும் பெயர்பெற்ற கூத்துகள் மூன்று: காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர்.

மாயம் மிகுந்தது காமன் கூத்து. மாசி அமாவாசை கழிந்தபின் கம்பம் ஊன்றி, பௌர்ணமியை ஒட்டித் தகனம் செய்கிறோம். தேவர்கள் வருகிறார்கள்; எமன் வருகிறான்; வீரபத்திரன் வருகிறான். சிவபெருமானின் நெற்றிக்கண் திறக்க, மன்மதன் சாம்பலாகிறான். பின்பு உயிரும் பெறுகிறான்.

அருச்சுனன் தபசில் மாயம் அதனினும் குறைவு. உயர்ந்த தபசு மரத்தில் அருச்சுனன் படிப்படியாகப் பாடிக்கொண்டே ஏறுகிறான். ஒரு பன்றியின் பொருட்டு வேடனோடு போர் மூள்கிறது. வேடனே சிவனென்பது கடைசியில்தான் தெரிகிறது. பாசுபதம் கிடைக்கிறது. பெற வேண்டிய அற்புதம் ஒன்றே. அதற்கு ஏற வேண்டிய படிகளோ பல.

மிகக் குறைவு பொன்னர் சங்கரில். கொங்கு நாட்டில் பிறந்த கதை இது. அறிஞர் பிரெண்டா பெக் 1965இல் அங்கே பாட்டுக்காரர் பாடக் கேட்டு ஒலிப்பதிவு செய்திருக்கிறார். வரத்தால் பிறந்த அண்ணன்மாரேயாயினும், அவர்கள் வாழ்வு காணி, வேளாண்மை, பங்காளிப் பகை, கொம்பன் என்னும் காட்டுப்பன்றி, வாள் என்றே செல்கிறது. படுகளத்தில் இருவரும் மாள்கிறார்கள். தங்கை தங்காள் தேடி வந்து எழுப்ப, எழுகிறார்கள். ஆனால் சிறிது நேரத்துக்கே.

நண்பர்களே! அளவில் மூன்றும் வேறு வேறு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மூன்றிலும் அற்புதம் இலவசமாக வருவதில்லை. வந்தாலும் முழுமையாக வருவதில்லை. போக வேண்டாமென்று ரதி இரந்து நிற்கிறாள். அழிவு நேருமென்றறிந்தும் தேவர் பணிக்காக மன்மதன் போகிறான். அவள் அழுது மன்றாடிய பின்பே அவன் மீள்கிறான். அதுவும் அவள் கண்ணுக்கு மட்டுமே தெரிவான். அண்ணன்மாரோ தங்கையிடம் பேசிவிட்டு மறுபடி சாய்கிறார்கள்.

மேல்நாட்டாரும் இதை அறிந்திருக்கிறார்கள். டோல்கீன் 1954-55இல் வெளியிட்ட மோதிரக் கதையில், மோதிரம் மறைந்து திரியும் சக்தியைத் தருகிறது. அணிந்தவனின் மனத்தைத் தின்றுவிடுகிறது. நாம் முதலிற் சொன்ன ஆட்டத்தின் பழைய விதியிலும், மந்திரவாதி ஒரு மந்திரத்தை ஏவியதும் அது அவன் நினைவை விட்டு அகன்றுவிடும். மீண்டும் படித்தே பெற வேண்டும். விலையில்லாத மாயம் சுவைக்காதென்று அவர்களுக்கும் தெரியும்.

நம் மக்களுக்கு இது வெறும் சுவையன்று. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள், இதே பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயன்களை மூடியதை மறந்தோமில்லை. அன்று எந்த மாயமும் வந்து மலையைத் தாங்கவில்லை. ஒரு வார்த்தை பேசாமலே உறவைப் பறிகொடுத்தவர்கள் படுகளக் காட்சியைப் பார்த்தால் எதைக் காண்பார்கள்? இறந்தவர் எழுந்த அதிசயத்தையா? அந்த ஒரு வார்த்தையையன்றோ காண்பார்கள்! கூத்து செத்தவரைத் தந்துவிடுவதாகப் பொய் சொல்வதில்லை. விடைபெறும் நேரத்தைத் தருகிறது.

ஆகவே எதை வெட்டலாமென்று கேட்பவர்களுக்கு நம் விடை இது. நெருப்பு எரிய ஒரு நிமிடம் போதும், புகையைக் குறையுங்கள். ரதியின் புலம்பலைக் குறைக்காதீர்கள். அருச்சுனனைப் பாதி மரத்திலிருந்து இறக்காதீர்கள். தங்காளை அவசரப்படுத்தாதீர்கள். இரவு போதாதென்றால், ஒரே கூத்தை இரண்டு இரவாக ஆடுவோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாயிற்று. பிறகு குடும்பம் குடும்பமாய்ப் பலர் கப்பலேறினார்கள். அவர்களோடு கூத்து வாத்தியார்களும், பாட்டெழுதிய கொப்பிகளும் போயின. எஞ்சிய பாட்டுகள் சில முதியவர்களின் நாவிலேயே இருக்கின்றன. இளைஞர்களே! வரும் மாசிக்கு முன், அவரவர் தோட்டத்து வாத்தியாரிடம் அமர்ந்து எழுதிக்கொள்ளுங்கள். பெரியோர்களே! அவர்கள் கையில் கைத்தொலைபேசியோடு வந்து உட்கார்ந்தாலும் வையாமல் பாடிக் காட்டுங்கள். அதிலேயே அவர்கள் ஒலிப்பதிவு செய்துகொள்வார்கள்.

படிப்படியாக ஏறினால்தான் பாசுபதம். இப்போது ஏற வேண்டிய முறை நம்முடையது.