பெரிய வியாழன் எங்கள் தெருவுக்கு வந்தபோது

(தவக்காலப் பயிற்சி முகாம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'திருவழிபாட்டு ஆண்டைச் சமூகமாக வாழ்வது' என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். அந்த ஆண்டு எங்கள் சேரிக்குள் எப்படி வந்தது, எங்கே நின்றது என்பதைத்தான் நான் சொல்ல முடியும்.

திருவருகைக் காலத்தில் பாட்டுக் குழு ஊர்த்தெரு முழுக்கச் சுற்றும். எங்க தெருமுனையில ஒரு பாட்டு, அதோட சரி. சாம்பல் புதனன்று மட்டும் எல்லாருக்கும் ஒரே சாம்பல். பிறகு நாற்பது நாள் நோன்பு. வருஷம் முழுக்க அரைவயிறா கிடந்த எங்க பாட்டிக்கு நோன்பு இருக்கச் சொல்லிக் கொடுத்தாங்க! நுகத்தை முறிப்பதே நோன்பு என்ற பொருளில் ஏசாயா 58 பேசுகிறது. அதை யாரும் எங்களுக்கு விளக்கியதில்லை.

நுகம் எங்கே இருக்கிறது? வடக்கன்குளத்தில் கோயிலையே சாதிக்கு இரண்டு கிளையாகக் கட்டினார்கள். 2008 மார்ச் 9, தவக்கால ஞாயிறு. தலித்துகள் தனிப்பங்கு கேட்ட எறையூரில் மோதல் மூண்டு, போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். செத்தவர்கள் வன்னியக் கிறிஸ்தவர்கள். இரண்டு பக்கமும் அன்று ஒரே தவக்காலம்தான். அரசாங்கம் தன் பங்குக்கு 1950 ஆகஸ்ட் 10 ஆணையால் பட்டியல் சாதி உரிமையை நமக்கு மறுத்தது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அதைத் திருத்தினார்கள், நமக்குத் திருத்தவில்லை. ஆகவே ஆகஸ்ட் 10 கறுப்பு நாளும் எங்கள் திருவழிபாட்டு ஆண்டில் சேர்ந்ததுதான்.

பெரிய வியாழனுக்கு வருகிறேன். பீடத்தின் முன் பன்னிரண்டு நாற்காலி. பன்னிரண்டும் ஊர்த்தெருவுக்கே. ஒரு வருஷம் எங்கள் ஆட்கள் நான்கு பேரைச் சேர்க்கச் சொன்னோம். "அவங்க காலைக் கழுவுன கையாலயா எங்க காலைக் கழுவுவாரு?" என்று ஒரு பெரியவர் கேட்டார். சாமியார் சிரித்து மழுப்பிவிட்டார். சரி, நம்ம தெருவுலயே வைப்போம்னு முடிவெடுத்தோம்.

இங்கேதான் சிக்கல். யார் காலைக் கழுவுவது? மூன்று ராத்திரி சண்டை. முதலில், பெண்கள் கூடாது என்றார்கள் நம்ம ஆம்பளைங்க. (பெண்கள் காலையும் கழுவலாம் என்று ரோமாபுரி விதியை மாற்றியது 2016 ஜனவரியில்தான்; நாங்கள் அதற்குக் காத்திருக்கவில்லை.) அதைத் தாண்டினோம். அடுத்து, காலனிக் கடைசியில் இருந்த அருந்ததியர் வீட்டு அம்மா பெயரைச் சொன்னேன். கூட்டம் அமைதியாகிவிட்டது. ஊர்த்தெருப் பெரியவர் கேட்ட அதே கேள்வியை, அதே வார்த்தையில், எங்கள் சங்கத் தோழர் ஒருவர் கேட்டார். ஆதிக்க சாதியை எதிர்த்துப் பத்து வருஷம் கோஷம் போட்டவர்.

அந்த அம்மா வந்தாங்க. பாளம் பாளமாக வெடித்த குதிங்கால். குப்பை அள்ளுற கால். நான் செம்போடு மண்டியிட்டதும் காலை இழுத்துக்கிட்டாங்க. "வேணாம் தம்பி, பாவம் வந்துரும்." "யாருக்கும்மா?" என்றேன். பதில் இல்லை. மெதுவாகக் காலை நீட்டினார்கள்.

எங்க அம்மா அன்னைக்கு வரல. அன்றிரவு வீட்டில் என் தட்டைத் தனியாக வைத்தார்கள். தோழர்களே, இதை வெளியில் சொல்ல எனக்குப் பல வருஷம் ஆனது. எதிரியைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போவது சுலபம்.

மறுவருஷம் அம்மா வந்தார்கள். உட்காரவில்லை, பேசவில்லை. தண்ணிக் குடத்தை மட்டும் இடுப்பில் வைத்துக் கொண்டு வந்து அந்த அம்மா பக்கத்தில் இறக்கினார்கள்.

அடுத்து நவம்பர் 2, கல்லறைத் திருநாள். எங்கள் பங்கில் கல்லறைக்குள் இன்னும் சுவர் நிற்கிறது. இந்த முறை மெழுகுவத்தியை இரண்டு பக்கமும் ஏற்றப் போகிறோம். அருந்ததியர் வீட்டுக் கல்லறை மேட்டிலிருந்துதான் தொடங்குவோம். வர முடிந்தவர்கள் முதல் நாள் மாலையே வந்துவிடுங்கள். புல் செதுக்க ஆள் வேண்டும்.