சி.ஆர்.பி. 8.4: யூனிட்டை பாக்காம விட்ட கதை

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியை அனுப்பியிருந்தீங்க. "மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்ல சி.ஆர்.பி. அதிகம்னு சிவப்புல போட்டிருக்கு, பயப்படணுமா?" நான் டாக்டர் இல்லைங்க, கோடு எழுதுற ஆளு. ஆனா இந்த நம்பரோட எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கு.

2021 மே மாசம், ரெண்டாவது அலை. அப்பாவுக்கு கோவிட். வீட்டுலயே தனி ரூம்ல இருந்தார். ஆறாம் நாள் ரத்தம் எடுத்தோம், சி.ஆர்.பி. 58. எட்டாம் நாள் அந்த லேப்ல பயங்கர கூட்டம், அதனால வேற லேப்ல கொடுத்தோம். 8.4னு வந்துச்சு. நான் உடனே ஷீட்ல ரெண்டு புள்ளி வெச்சு கிராஃப் போட்டு, ஃபேமிலி குரூப்புல "58லேர்ந்து 8க்கு இறங்கிருச்சு"ன்னு அனுப்பிட்டேன். அம்மா சாமி ரூம்ல விளக்கே ஏத்திட்டாங்க.

ராத்திரி பெரியப்பா பொண்ணு போன் பண்ணாங்க. அக்கா டாக்டர். "டேய், ரிப்போர்ட்டை முழுசா போட்டோ எடுத்து அனுப்பு." அனுப்பினேன். "ரெண்டாவதுல யூனிட்டை பாத்தியா?"

முதல் லேப் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம்னு கொடுத்திருந்தாங்க. ரெண்டாவது லேப், டெசிலிட்டருக்கு. பத்தால பெருக்கணும். அது 8.4 இல்லை, 84. இறங்கல, ஏறியிருக்கு. 1999ல நாசாவோட மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் யூனிட் குழப்பத்துல போச்சுன்னு காலேஜ்ல சிரிச்சுப் பேசினவன் நான்.

"ஆக்ஸிஜன் எவ்வளவு காட்டுது?"

"92 க்கா."

"சித்தப்பாவைக் கூட்டிட்டு இப்பவே கிளம்பு."

அப்பா ஏழு நாள் ஆக்ஸிஜன்ல இருந்துட்டு வீட்டுக்கு வந்துட்டார். ஆனா என் மெசேஜால ஒன்பது மணி நேரம் சும்மா போச்சு. அதனால ஏதாவது மாறியிருக்குமான்னு அக்காகிட்ட ஒரு தடவை கேட்டேன். பதில் சொல்லல.

அதுக்கப்புறம்தான் இதை உட்கார்ந்து படிச்சேன். 1930ல நியூயார்க் ராக்ஃபெல்லர் நிறுவனத்துல டில்லெட், ஃபிரான்சிஸ்னு ரெண்டு பேர், நிமோனியா நோயாளிகளோட ரத்தத்துல இதைக் கண்டுபிடிச்சாங்க. நிமோனியா கிருமியோட 'சி'ங்கற ஒரு சர்க்கரைப் பொருளோட இது ஒட்டிக்கிட்டதால அந்தப் பேரு. நோய் முத்தியிருக்கும்போது ரத்தத்துல இருக்கும், ஆள் தேறினதும் காணாமப் போகும். இதைத் தயாரிக்கறது கிருமி இல்லை, நம்ம கல்லீரல். உடம்புல எங்கயோ அழற்சின்னா ஐ.எல்.-6ங்கற சிக்னல் கல்லீரலுக்குப் போகும், கல்லீரல் சி.ஆர்.பி.யை ரத்தத்துல கொட்டும். ரத்தத்துல அதோட அரை ஆயுள் சுமார் 19 மணி நேரம். அதாவது சிக்னல் நின்னா ஒரு நாளைக்குள்ள பாதிக்கும் கீழ வந்துடணும். இறங்காம நிக்குதுன்னா, உள்ள இன்னும் எரிஞ்சுக்கிட்டிருக்குன்னு அர்த்தம். அதனாலதான் ஒரு நம்பரை விட, அடுத்தடுத்த நம்பர் போற திசை முக்கியம். என் கிராஃப் ஐடியா சரிதான், டேட்டாதான் தப்பு.

கோவிட்ல இதை வெச்சே மருந்து யாருக்குன்னு பிரிச்சாங்க. பிரிட்டன்ல நடந்த ரெகவரி ஆய்வுல, ஆக்ஸிஜன் குறைஞ்சு சி.ஆர்.பி.யும் 75க்குக் குறையாம இருந்த 4,116 பேரைச் சேர்த்தாங்க. ஏறக்குறைய பாதிப் பேருக்கு, ஐ.எல்.-6 சிக்னலைத் தடுக்கற டோசிலிசுமாப் கொடுத்தாங்க. 28 நாள்ல இறந்தவங்க அந்தப் பக்கம் 31 சதவீதம், வழக்கமான சிகிச்சை மட்டும் கிடைச்ச பக்கம் 35.

இதுல எனக்குப் பிடிச்ச சிக்கல் ஒண்ணு இருக்கு. டோசிலிசுமாப் போட்டா சி.ஆர்.பி. சரசரன்னு இறங்கிடும். நோய் குறைஞ்சதால மட்டும் இல்லை, கல்லீரலுக்கு சிக்னலே போகாததாலயும். அப்ப புதுசா ஒரு இன்ஃபெக்‌ஷன் வந்தாக்கூட ரிப்போர்ட் நல்லாத்தான் இருக்கும். சர்வர் பத்திக்கிட்டு எரியும்போது அலர்ட்டை மியூட் பண்ணி வெச்ச மாதிரி. ஆன்கால் பாத்தவங்களுக்கு வயிறு கலங்கியிருக்கும்.

இதய நோயிலயும் இதே கதைதான். சி.ஆர்.பி. அதிகமா இருக்கறவங்களுக்கு மாரடைப்பு அதிகம் வருது, உண்மை. ஆனா பிறவியிலேயே ஜீன் காரணமா சி.ஆர்.பி. கொஞ்சம் கூடுதலா இருக்கறவங்களுக்கு அந்த அளவுக்கு ஆபத்து கூடல. அப்ப சி.ஆர்.பி. குற்றவாளி இல்லை, சாட்சி.

சரி, உங்க கேள்விக்கு வர்றேன். செக்கப்ல வர்றது பெரும்பாலும் ஹெச்.எஸ்.-சி.ஆர்.பி. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ இருந்தா இதய ஆபத்து குறைவு, 3க்கு மேலன்னா கூடுதல்னு வெச்சிருக்காங்க. 10ஐத் தாண்டினா இதயத்தைப் பத்தி யோசிக்கறதுக்கு முன்னாடி, இன்ஃபெக்‌ஷன் ஏதாவது இருக்கான்னு பாப்பாங்க. போன வாரம் சளி, பல் வலி, கால்ல அடின்னு ஏதாவது இருந்துச்சா? அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. ரெண்டு வாரம் விட்டு, முடிஞ்சா அதே லேப்ல, இன்னொரு தடவை எடுக்கச் சொல்லலாம். வேற லேப்னா, நம்பருக்குப் பக்கத்துல பொடி எழுத்துல இருக்கறதை முதல்ல படிங்க.